மாமனாரோடு மூன்று ஊர்கள்

என் மாமனாரை நான் முதன்முதலில் பார்த்தது என் மகள் காலேஜில் சேர்ந்து ஹாஸ்டலுக்குப் போன வருஷம். அதுவும் மாமனார் என்று தெரிந்து பார்க்கவில்லை. கைலி மூட்ட வந்த ஒரு பெரியவர் என்றுதான் பார்த்தேன்.

விருத்தாசலம் கடைவீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில் எனக்குச் சின்னதாக ஒரு தையல் கடை. ஜாக்கெட், சுடிதார், பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைப்பேன். ஆம்பளைகள் வந்தால் கைலி மூட்டவோ பேண்ட் உயரம் குறைக்கவோ வருவார்கள். அந்தப் பெரியவர் ஒரு புதுக் கைலியோடு வந்தார். ஒல்லியாக உயரமாக இருந்தார். தமிழ்தான் பேசினார். ஆனால் ரொம்ப நாள் வெளியூரில் இருந்தவர்கள் போல ஒவ்வொரு வார்த்தையாகத் தேடி எடுத்துப் பேசினார். நான் தைத்து முடிக்கும்வரை ஸ்டூலில் உட்கார்ந்திருந்துவிட்டு, மடித்துக் கொடுத்ததும் கும்பிடு போட்டுவிட்டுப் போனார்.

அடுத்த வாரம் இன்னொரு கைலியோடு வந்தார். அதற்கப்புறமும் வந்தார். ஒரே ஆளுக்கு இத்தனை கைலி எதற்கு என்று எனக்குத் தோன்றியது. குஜராத்தில் டைல்ஸ் கம்பெனியில் வேலை பார்த்ததாகவும், இப்போது ஜங்ஷன் பக்கம் ரூம் எடுத்துத் தங்கியிருப்பதாகவும் அவராகவே சொன்னார். பேச்சோடு பேச்சாக என் மகள் என்ன படிக்கிறாள் என்று விசாரிப்பார். பதிலைக் கேட்கும்போது மட்டும் என் முகத்தைப் பார்க்காமல் தெருவைப் பார்ப்பார்.

ஒரு நாள் நான் மிஷினில் நூல் கோத்துக்கொண்டிருந்தேன். "ஒங்க மாமியாருக்கு மூட்டு வலின்னாங்களேம்மா. இப்ப நடக்குறாங்களா?" என்று கேட்டார்.

எனக்கு மாமியார் இருப்பதையே நான் அவரிடம் சொன்னதில்லை. நிமிர்ந்து பார்த்தேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு கீழுதட்டைக் கடித்தார். என் வீட்டுக்காரர் தப்பாக ஏதாவது பேசிவிட்டு அப்படித்தான் உதட்டைக் கடிப்பார். காது மடலும் அதே காதுதான். இத்தனை நாள் எதிரே உட்கார்ந்திருந்தும் எனக்கு எப்படித் தெரியாமல் போனது என்று இருந்தது.

நீங்கள் யார் என்று கேட்டேன். அவர் ஸ்டூலை விட்டு எழுந்து நின்றுகொண்டார்.

"ஒங்க மாமனாரு" என்றார்.

மாமியாரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். அத்தையின் கதையை இங்கே சொல்லிவிட வேண்டும். கல்யாணமான புதிதில் மாமாவும் அத்தையும் செராமிக் எஸ்டேட்டில், பீங்கான் சாமான் செய்கிற ஒரே கம்பெனியில் வேலை பார்த்திருக்கிறார்கள். மாமா சூளைக்கு நெருப்புப் பார்ப்பவர். அத்தைக்கு டீ கப்புகளுக்குக் காது ஒட்டுகிற வேலை. என் வீட்டுக்காரர் நாலாவது படித்துக்கொண்டிருந்தபோது, குஜராத்தில் சம்பளம் நன்றாக இருக்கிறது என்று இங்கிருந்து ஒரு செட்டாகக் கிளம்பியவர்களோடு மாமாவும் போனார். முதலில் போஸ்ட்கார்டு வந்தது. பிறகு அதுவும் நின்றது. கூடப் போனவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். இவர் மட்டும் வரவில்லை.

மணவாளநல்லூர் முருகனிடம் பிராது கட்டச் சொல்லி அக்கம்பக்கத்தில் எல்லாரும் அத்தையை இழுத்திருக்கிறார்கள். குறையை மனுவாக எழுதிச் சாமி முன்னால் கட்டினால் தீர்ப்பு வந்துவிடும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அத்தை போகவில்லை. நான் எழுதிக் கொடுத்துதான் சாமிக்குத் தெரிய வேண்டுமா என்று கேட்டாராம்.

வராமல் இருந்தது மட்டும் என்றால் அத்தை தாங்கியிருப்பார். ஒரு பொங்கலுக்கு மாமா நல்லூரில் இருக்கும் தன் அக்கா வீட்டுக்கு மட்டும் வந்து ஒரு நாள் தங்கினார். பெண்டாட்டி பிள்ளையைப் பார்க்காமலே திரும்பிவிட்டார். ஏன் வீட்டுக்குப் போகவில்லை என்று அக்கா கேட்டதற்கு, அவள் நடத்தை சரியில்லை என்று ஒரு வார்த்தை சொன்னார். அந்த வார்த்தை நல்லூரிலிருந்து கிளம்பி, சொந்தக்காரர்கள் தெரிந்தவர்கள் இருக்கிற ஊருக்கெல்லாம் போனது. போகிற வழியில் கம்பெனி சூப்பர்வைசர் ஒருவருடைய பெயரும் அதோடு சேர்ந்துகொண்டது.

என்னைப் பெண் பார்த்துவிட்டுப் போன பிறகு என் அப்பா விசாரிக்கப் போன இடத்தில் அவர் காதிலும் அது விழுந்தது. அப்பா யாரிடமும் சொல்லாமல் ஒரு சாயங்காலம் செராமிக் எஸ்டேட்டுக்கே போய், வேலை முடிந்து வந்த அத்தையைக் கம்பெனி கேட்டுக்கு வெளியே பார்த்திருக்கிறார். முழங்கை வரைக்கும் வெள்ளைக் களிமண் காய்ந்திருந்த கையைக்கூடக் கழுவாமல் அத்தை சொன்னாராம், நீங்கள் எதைக் கேள்விப்பட்டு வந்தீர்கள் என்று எனக்குத் தெரியும், அதற்கு நான் பதில் சொல்ல மாட்டேன், என் பிள்ளையைப் பாருங்கள், பிடித்தால் பெண் கொடுங்கள் என்று. அப்பா வீட்டுக்கு வந்து, அந்தம்மா நேராகக் கண்ணைப் பார்த்துப் பேசுகிறார்கள் என்று அம்மாவிடம் சொன்னார். கல்யாணம் நடந்தது.

இத்தனை வருஷத்தில் அத்தை என்னிடம் அந்தப் பேச்சைப் பற்றி ஒரு தடவைகூட வாய் திறந்ததில்லை. நானும் கேட்டதில்லை.

மாமா கடைக்கு வந்ததை அன்று சாயங்காலம் அத்தையிடம் சொன்னேன். முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். கை நிற்கவில்லை. முறத்தில் இருந்த கடைசிக் காம்பு வரைக்கும் உருவி முடித்துவிட்டு, ஆள் எப்படி இருக்கிறார் என்று கேட்டார். ஒல்லியாக இருக்கிறார் என்றேன்.

"பல்லு?"

மேல் வரிசையில் இரண்டு இல்லை என்றேன். அது சரிதான் என்பதுபோல் தலையை ஆட்டிக்கொண்டார்.

என் வீட்டுக்காரரிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. அவர் குட்டி யானை என்கிற சின்ன லோடு வண்டி ஓட்டுகிறார். எஸ்டேட்டில் செய்கிற கப், அகல்விளக்கு, பொம்மை எல்லாவற்றையும் கடலூர், பாண்டிச்சேரி வரைக்கும் கொண்டுபோய் இறக்குவார். சாப்பிட்டு முடிக்கட்டும் என்று காத்திருந்து சொன்னேன்.

"ஸ்கூல்ல அப்பா செத்துட்டாருன்னு சொல்லியிருந்தேன். இப்ப உயிரோட வந்து நின்னா நான் என்ன பண்றது?" என்றார். பிறகு அத்தை பக்கம் திரும்பி, உனக்குப் பார்க்க வேண்டுமானால் பார், என்னை இதில் இழுக்காதே என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

அத்தை பார்ப்பதாகச் சொன்னார். வீட்டில் வேண்டாம், உன் கடையில் பார்க்கிறேன், பட்டப்பகலில், நாலு பேர் போகிற வருகிற நேரத்தில் என்றார்.

மாமா சொன்ன நேரத்துக்கு முன்பே வந்து சந்து முனையில் நின்றிருந்தார். அத்தை ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கி, நான் துணி வெட்டுகிற மேஜைக்குப் பக்கத்தில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். மாமாவை உட்காரச் சொல்லவில்லை. அவரும் உட்காரவில்லை. நான் எழுந்து வெளியே போகப் பார்த்தேன். நீ இரு என்று அத்தை கையைக் காட்டினார்.

"அங்க யாரு இருந்தாங்க?" என்றார் மாமாவிடம். அவ்வளவு கோபத்திலும் மரியாதை குறையாமல்தான் பேசினார். அது மரியாதையா, தள்ளி நிறுத்துவதற்கா என்று எனக்குப் புரியவில்லை.

"ஒருத்தி இருந்தா. வேலை செய்யுறவங்களுக்கு மெஸ் நடத்துனவ. அவகூடதான் இருந்தேன்."

"இப்ப?"

"செத்துப் போயிட்டா. ரெண்டு வருஷம் ஆவுது."

"அவ இருந்திருந்தா இங்க வந்திருப்பீங்களா?"

மாமா என்னைப் பார்த்தார், கதவுக்கு வெளியே பார்த்தார். பதிலைத் தேடுகிறார் என்று நினைத்தேன். பதில் அவரிடம் இருந்தது. அதைச் சொல்லத்தான் நேரம் பிடித்தது.

"வந்திருக்க மாட்டேன்" என்றார்.

இதோடு முடிந்தது, அத்தை எழுந்து போய்விடுவார் என்று எனக்குத் தோன்றியது. ஆனால் அந்தப் பதிலுக்குப் பிறகுதான் அத்தையின் முகம் கொஞ்சம் இளகியது. அப்போது என்னைப் பற்றி உங்கள் அக்காவிடம் சொன்னது என்ன கணக்கு என்று கேட்டார். பொய் என்றார் மாமா. ஏன் சொன்னீர்கள் என்றார் அத்தை. இன்னொருத்தி இருக்கிறாள் என்று அக்காவிடம் சொல்ல வாய் வரவில்லை, உன்மேல் பழியைப் போட்டுவிட்டுப் போவது சுலபமாக இருந்தது என்றார் மாமா. சொல்லிவிட்டு அத்தையின் காலில் விழப் போவதுபோல் குனிந்தார்.

"அதெல்லாம் வேணாம்" என்று அத்தை காலை உள்ளே இழுத்துக்கொண்டார். "எங்கிட்ட மன்னிப்பு கேக்குறது லேசு. நல்லூருக்குப் போங்க, வேப்பூருக்குப் போங்க, மங்கலம்பேட்டைக்குப் போங்க. அவ ஒரு தப்பும் பண்ணல, நாந்தான் பொய் சொன்னேன்னு அவங்கவங்க வூட்டு வாசல்ல நின்னு ஒங்க வாயால சொல்லிட்டு வாங்க. அதுக்கப்புறம் மத்தத பேசலாம்."

என்னைக் காட்டி, இவள் கூட வருவாள், வாயைத் திறக்க மாட்டாள், நடந்ததை எனக்கு வந்து சொல்லுவாள் என்றார்.

மாமா என்னிடம் திரும்பி, நல்லூருக்குக் காலையில் எத்தனை மணிக்கு பஸ் என்று கேட்டார்.

டவுன் பஸ்ஸில் எனக்கு டிக்கெட் இலவசம். அவர் மட்டும் காசு கொடுத்து வாங்கினார். பெண்களுக்கு பஸ் இலவசம் என்பது அவருக்குப் புதுசு. கண்டக்டரிடம் இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டார். எனக்கு முன்சீட்டில் உட்கார்ந்தவர் வழியில் திரும்பித் திரும்பி மகனைப் பற்றிக் கேட்டுக்கொண்டே வந்தார். எதுவரை படித்தான், உடம்புக்கு ஏதாவது வந்ததா, வண்டியை மெதுவாக ஓட்டுவானா, காரம் சாப்பிடுவானா. வாய் திறக்கக் கூடாது என்ற உத்தரவு அந்த மூன்று வீடுகளுக்குத்தானே என்று நானும் பதில் சொன்னேன். பத்தாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு லோடு ஏற்றப் போனவர், பிறகு சொந்தமாக வண்டி வாங்கினார் என்று சொன்னதும் மாமா திரும்பிக்கொண்டார்.

மாமாவின் அக்காவுக்கு எழுபதைத் தாண்டியிருக்கும். வாசலில் சாக்கை விரித்து வேர்க்கடலை, எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்போம், காய வைத்துக்கொண்டிருந்தார். தம்பியைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்து, கட்டிப்பிடித்து அழுதார். பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டு, குடிக்கக் கலர் வாங்கிவரச் சொன்னார். சத்தம் கேட்டு நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். மாமா உள்ளே போகவில்லை.

"அக்கா, ஒக்கார வரல. ஒண்ணு சொல்லிட்டுப் போவணும்."

சொன்னார். அங்கே இன்னொரு பெண்ணோடு இருந்ததையும், அதை மறைக்கத்தான் பெண்டாட்டிமேல் பழி சொன்னதையும், அவளிடம் எந்தத் தப்பும் இல்லை என்பதையும், நின்ற இடத்திலேயே நின்று, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். எதையும் விடவில்லை.

அந்தம்மாவுக்குக் கோபம் வந்தது. பொய் சொன்னதற்கு அல்ல, அதை வாசலில் நின்று சொன்னதற்கு. ஊரே பார்க்கிறது, உள்ளே வந்து சொன்னால் ஆகாதா என்றார். அன்றைக்கும் ஊருக்கே தெரிந்தது அல்லவா என்றார் மாமா. உன் மாமியார்தான் இப்படிச் சொல்லி அனுப்பினாளா என்று அந்தம்மா என் பக்கம் திரும்பினார். நான் வாயைத் திறக்கவில்லை. அவர் மல்லாட்டைக்கு நடுவில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"எம் பொண்ணு கல்யாணத்துல அவ பந்தியில ஒக்காந்திருந்தா" என்றார் பிறகு, தம்பியைப் பார்க்காமல். "அவ பக்கத்துல ஒக்காந்து சாப்பிட மாட்டேன்னு நான் எல்லாரு முன்னாடியும் எந்திரிச்சேன்டா. அவ எலையில கை வைக்காம எந்திரிச்சுப் போயிட்டா. புள்ளையையும் இழுத்துக்கிட்டுப் போயிட்டா. அதுக்கு நான் இப்ப எங்க போயி என்ன சொல்றது?"

எனக்கு அது புதுச் செய்தி. வாங்கிவந்த கலர் பாட்டில் திறக்காமலே திட்டில் இருந்தது. நாங்கள் கிளம்பும்போது அந்தம்மா ஒரு பையில் மல்லாட்டையை அள்ளிப் போட்டு, மாமாவிடம் கொடுக்காமல் என் கையில் திணித்தார்.

வீட்டுக்கு வந்து ஒன்று விடாமல் அத்தையிடம் சொன்னேன். அந்த இலையைப் பற்றி அவளாகச் சொன்னாளா என்று அத்தை கேட்டார். அவர்களாகத்தான் சொன்னார்கள் என்றேன். அத்தை பையை வாங்கிக்கொண்டு அடுப்படிக்குப் போனார். அன்று சாயங்காலம் மல்லாட்டையை அவித்து, எனக்கும் ஒரு கிண்ணத்தில் கொடுத்து, தானும் சாப்பிட்டார். நல்ல காய் என்று மட்டும் சொன்னார்.

வேப்பூரில் மாமாவின் சித்தப்பா மகன் ஒருவர் ஹைவேயை ஒட்டி ஹோட்டல் வைத்திருக்கிறார். நாங்கள் போனபோது மத்தியானக் கூட்டம். வெளியே லாரிகள் வரிசையாக நின்றிருந்தன. கல்லாவில் இருந்தவர் மாமாவை உற்றுப் பார்த்துவிட்டு, எப்போது வந்தாய், உட்கார், சாப்பிடு என்றார். மாமா நின்றுகொண்டே நல்லூரில் சொன்னதை அப்படியே சொன்னார். புரோட்டா சாப்பிட்டுக்கொண்டிருந்த டிரைவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

கல்லாக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. யார் நடத்தையை யார் சொன்னது, எப்போது என்று கேட்டார். மாமா மறுபடியும் விளக்கினார். இந்த ஹோட்டலில் உட்கார்ந்து எத்தனையோ பேரிடம் நீ அதைச் சொன்னதாகக் கேள்விப்பட்டேன் என்றார். கல்லாக்காரர் உண்மையாகவே யோசித்துப் பார்த்தார். நடிக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

"எனக்கு ஞாபகமே இல்லியேப்பா" என்றார். "சரி, இப்ப சொல்லிட்டல்ல, விடு. ரெண்டு எலை போடச் சொல்லவா?"

திரும்பி வரும்போது மாமா பஸ்ஸில் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி இருந்தார். நல்லூரில் அக்கா அழுததுகூட அவரை இந்த அளவுக்கு அசைக்கவில்லை. "அவ இத்தன வருஷம் தூக்கிச் சொமந்தா. அவனுக்கு ஞாபகமே இல்லைங்குறான்" என்று தனக்குத்தானே இரண்டு மூன்று தடவை சொல்லிக்கொண்டார்.

இதை அத்தையிடம் எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் யோசித்தேன். மனசு உடைந்துவிடுவார் என்று பயந்தேன். கேட்டுவிட்டு அத்தை சிரித்தார். சின்னச் சிரிப்பாக ஆரம்பித்து, முந்தானையால் கண்ணைத் துடைக்கிற அளவுக்குச் சிரித்தார். அந்த லூசுப்பயல் எதைத்தான் ஞாபகம் வைத்திருந்தான், அவன் பேசினதுக்கா நான் இத்தனை நாள் வேப்பூர் பஸ் ஸ்டாண்டில் இறங்காமல் சுற்றிக்கொண்டு போனேன் என்றார். நானும் சிரித்தேன். அத்தை அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

மங்கலம்பேட்டைக்குத் தானும் வருவதாக அத்தை சொன்னார். அங்கே சொந்தக்காரர்கள் யாரும் இல்லை. மாமாவோடு சூளையில் வேலை பார்த்த பாய் ஒருவர் இருக்கிறார். அவரும் அன்றைக்கு குஜராத்துக்குப் போன செட்டில் ஒருவர். முதலில் திரும்பி வந்தவரும் அவர்தான். பிறகு துபாய்க்குப் போய்ச் சம்பாதித்து, இப்போது ஊரில் பாத்திரக் கடை வைத்திருக்கிறார். என் வீட்டுக்காரர் மாசத்துக்கு ஒரு தடவை அவர் கடைக்குக் கப்பும் ஜாடியும் இறக்கிவிட்டு வருவார்.

அப்போதுதான் அத்தை எனக்கு இதைச் சொன்னார். குஜராத்தில் இன்னொரு பெண் இருக்கிறாள் என்பதை அன்றைக்கே பாய் வந்து அத்தையிடம் சொல்லிவிட்டார். நல்லூருக்குப் போய் மாமாவின் அக்காவிடமும் சொல்லி, சண்டை போட்டிருக்கிறார். யாரும் நம்பவில்லை. அவரையும் சேர்த்துப் பேசியதுதான் மிச்சம். என் கடையில் அத்தை முதல் கேள்வி கேட்டது தெரியாமல் கேட்டதில்லை என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. மாமா உண்மையைச் சொல்கிறாரா என்று பார்த்திருக்கிறார்.

"பாயிகிட்ட இவரு எதையும் மாத்திச் சொல்ல வேண்டியதில்ல" என்றார் அத்தை. "எனக்காகப் பேசுன ஒரே ஆளு. அவருக்கு முன்னாடி இவரக் கொண்டுபோயி நிறுத்தணும். அப்ப நானும் இருக்கணும்."

கிளம்ப வேண்டிய அன்று காலை அத்தை புடவை மாற்றிக்கொண்டு வந்தபோது, என் வீட்டுக்காரர் வண்டியில் லோடைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தார். அந்த முட்டியை வைத்துக்கொண்டு பஸ்ஸில் எப்படி ஏறுவாய், வண்டி அங்கேதான் போகிறது என்றார். அன்றைக்கே ஏன் மங்கலம்பேட்டை லோடை எடுத்தார் என்று நான் கேட்கவில்லை.

மாமா ஜங்ஷன் ரோட்டில் நின்றிருந்தார். வண்டி நின்றதும் உள்ளே மகன் இருப்பதைப் பார்த்தார். என் வீட்டுக்காரர் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி நேராக ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் அத்தையும் முன்னால் நெருக்கி உட்கார்ந்திருந்தோம். மாமா பின்பக்கம் போய், வைக்கோல் வைத்துக் கட்டிய அட்டைப்பெட்டிகளுக்கு இடையில் ஏறிக்கொண்டார். வழியில் ஒவ்வொரு ஸ்பீட் பிரேக்கரிலும் என் வீட்டுக்காரர் வழக்கத்தைவிட மெதுவாக ஏற்றி இறக்கியதையும், பக்கத்துக் கண்ணாடியை அடிக்கடி பார்த்ததையும் நான் கவனித்தேன். லோடைத்தான் பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

பாய் மாமாவைக் கண்டதும் கடையை விட்டு இறங்கி வந்து இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டார். அப்படியே பிடித்தபடி திட்ட ஆரம்பித்தார். தெருவில் போகிறவர்கள் நின்று கேட்கிற அளவுக்குத் திட்டினார். மாமா தலையைக் குனிந்தபடி எல்லாவற்றுக்கும் ஆமாம் ஆமாம் என்றார். அத்தை கடைக்குள் போட்ட நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். கோவிலில் அர்ச்சனை செய்யும்போது தன் பேர் வருகிறதா என்று கேட்டுக்கொண்டிருப்பவர்கள் முகம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது அவர் முகம்.

"இந்தப் புள்ள ஒன் ஜாடையில வந்து நின்னு லோடு எறக்கும்போதெல்லாம் எனக்கு எப்படிடா இருந்திருக்கும்?" என்று பாய் கடைசியாகக் கேட்டார். அதற்கு மட்டும் மாமா ஆமாம் சொல்லவில்லை. திரும்பி வண்டிப் பக்கம் பார்த்தார். என் வீட்டுக்காரர் கேட்காத மாதிரி கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

மாமா போய், மகன் தூக்கப் போன பெட்டியின் மறுபக்கத்தைப் பிடித்தார்.

"விடுங்க, கீழ போட்டா ஒடஞ்சிரும்" என்றார் என் வீட்டுக்காரர். அப்பாவிடம் அவர் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"பீங்கான் தூக்கத் தெரியும்" என்றார் மாமா.

இரண்டு பேரும் பெட்டிகளை ஒவ்வொன்றாக இறக்கினார்கள். ஒன்றும் உடையவில்லை. பாய் எல்லாருக்கும் டீ சொன்னார். குடித்து முடித்ததும் என் வீட்டுக்காரர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். பின்னால் ஆள் ஏற்றிக்கொண்டு போனால் போலீஸ்காரன் ஃபைன் போடுவான், வரும்போதே பயந்துகொண்டுதான் வந்தேன், அவரை முன்னால் வரச் சொல் என்றார்.

முன்னால் நாலு பேர் உட்கார முடியாது. இங்கே எனக்கு லைனிங் துணி எடுக்க வேண்டியிருக்கிறது, நான் பஸ்ஸில் வந்துகொள்கிறேன் என்று சொன்னேன். லைனிங் துணி எனக்குத் தேவையே இல்லை. அது அவருக்கும் தெரியும் என்றுதான் நினைக்கிறேன். அத்தையை நடுவில் உட்கார வைத்து, மாமா ஓரமாக ஏறி, கதவை மெதுவாகச் சாத்தினார். வண்டி கிளம்பி வளைவில் திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். வழியில் அவர்கள் மூன்று பேரும் என்ன பேசினார்கள், பேசினார்களா என்பதே எனக்கு இன்றுவரை தெரியாது.

நான் வீடு வந்தபோது மாமா இல்லை. ரூமில் இறக்கிவிட்டு வந்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வரச் சொல்லியிருக்கிறேன் என்றார் அத்தை. அப்படியென்றால் கறி எடுக்க வேண்டுமா என்று என் வீட்டுக்காரர் உள்ளேயிருந்து கேட்டார்.

இப்போது மாமா எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் வாட்ச்மேனாக இருக்கிறார். ரூம் அங்கேயே கொடுத்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் வருவார். அத்தை அவரை வீட்டில் தங்கச் சொல்லவில்லை. என் மகளின் அறை காலியாகத்தான் இருக்கிறது. கேட்டால், படுக்க இடம் எங்கே இருக்கிறது என்பார். ஆனால் அவர் வர நேரமானால் வாசலுக்கும் அடுப்படிக்கும் நடப்பார். நல்லூர் அக்கா ஒரு தடவை வந்தார். அத்தை தன் பக்கத்திலேயே இலை போட்டு உட்கார வைத்தார். இரண்டு பேரும் பழசைப் பேசவில்லை. மழை பெய்யாததைப் பற்றியும் மருமகள்களைப் பற்றியும் பேசினார்கள். என் மகள் லீவுக்கு வந்தபோது தாத்தாவிடம் இந்தி கற்றுக்கொள்ளப் பார்த்து, பாதியில் விட்டுவிட்டாள்.

என் வீட்டுக்காரர்தான் மெதுவாக இளகி வருகிறார். அப்பா என்று இன்னும் கூப்பிடவில்லை. அவர் வந்தாரா, அவர் சாப்பிட்டாரா என்றுதான் கேட்பார். போன மாசம் மாமாவுக்குக் கண்ணில் புரை முற்றிவிட்டது என்றார்கள். பாண்டிச்சேரிக்கு லோடு இருக்கிறது, நானே கூட்டிக்கொண்டு போகிறேன் என்று என் வீட்டுக்காரர் சொன்னார். ஆபரேஷன் முடிந்து, ஒரு கண்ணில் பச்சைத் துணி கட்டியபடி மாமா நேராக எங்கள் வீட்டுக்குத்தான் வந்தார். என் வீட்டுக்காரர் வண்டியை விடப் போயிருந்த நேரம் பார்த்து அத்தையிடம் சொன்னார்.

"ஆஸ்பத்திரியில நர்ஸம்மா, கூட வந்த நீங்க இவருக்கு என்ன வேணும்னு அவன கேட்டாங்க. மவன்னு சொன்னான்."

"உள்ளதத்தான சொல்லியிருக்கான்" என்றார் அத்தை.

பிறகு, தலையைக் குனியக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருப்பாரே, இன்னும் ஒரு வாரத்துக்கு அந்த ரூமில் தனியாகக் கிடந்து என்ன செய்வீர்கள் என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் என் மகளின் அறையில் கட்டிலைத் தட்டிப்போடப் போனார்.